விழித்திருக்கக் கேட்டவர்

மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள் காலையிலேயே அவர் மனைவியிடம் அந்த வாக்கை வாங்கிக்கொண்டார்.

அதற்குச் சற்று முன்புதான் டாக்டர் வந்துவிட்டுப் போயிருந்தார். நோய் முதுகெலும்பு வரை இறங்கிவிட்டது, இனிக் குணப்படுத்த வழி இல்லை, வலியைக் குறைக்கத்தான் முடியும் என்று மறைக்காமல் சொன்னார். வலி கூடக்கூட மருந்தைக் கூட்டலாம், மருந்து கூடினால் தூக்கமும் கூடும், அநேகமாகத் தூக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும், அதனால் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் படுத்திருந்தவரைப் பயமுறுத்தியது அந்த ஆறுதல்தான்.

டாக்டர் போனதும் அவர் மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“நான் எவ்வளவு கத்தினாலும் சரி, என்னைத் தூங்க வைக்கச் சொல்லாத. முழிச்சிக்கிட்டே போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அவள் “சரிங்க” என்றாள். அவளுடைய கிறிஸ்தவ சபையில் சத்தியம் செய்யும் வழக்கம் இல்லை. சொன்ன சொல் போதும், அதற்குமேல் ஆணை எதற்கு என்பார்கள். முப்பது வருடம் அவளோடு வாழ்ந்தவருக்கு அது தெரியும். அதனால் அவரும் ஆணை கேட்கவில்லை. பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, வலியைத் தாங்கும் அளவுக்கு மட்டும் மருந்து போதும், தூங்கும் அளவுக்கு வேண்டாம் என்று நோட்டில் எழுதச் செய்தார். அவரால் சொல்ல முடியாத நிலை வந்தால் மனைவி சொல்கிறபடி செய்யலாமா என்று நர்ஸ் கேட்டாள். தாராளமாகச் செய்யலாம், அவள் எனக்கு எதிராக ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் வேலை செய்கிற காவலாளிகளுக்கும் துப்புரவுப் பெண்களுக்கும் அவர் லிஃப்ட்டண்ணன். அவள் ஒரு பெரிய துணிக்கடையின் பின்னறையில் இருந்து, வாங்கியவர்களின் உடம்புக்குப் பொருந்தும்படி உடைகளைப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுப்பவள். கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே சபையில் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள்தான். அவர் பாட்டுக் குழுவில்கூட இருந்தார். பாடுவது கேட்கும்படி இருக்காது, ஆனால் முதல் ஆளாக வந்து நாற்காலி எடுத்துப் போடுவார் என்பதால் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

ஒரே மகள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்று நாள் சபை முழுக்க ஜெபம் செய்தது. அவரும் மருத்துவமனை நடையில் முழங்காலிட்டு, எழுந்திருக்காமல் கேட்டார். நான்காம் நாள் பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் முழங்காலிட்டு யாரும் பார்க்கவில்லை. சண்டை போடவில்லை, ஆண்டவரைப் பற்றித் தவறாக ஒரு சொல் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் சபை வாசலில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை எதிர்ப்பக்க மர நிழலில் செய்தித்தாள் படித்துக்கொண்டு காத்திருப்பார். உள்ளே வாருங்கள் என்று அவள் கூப்பிட்டதும் இல்லை, வரமாட்டேன் என்று அவர் சொன்னதும் இல்லை.

ஐந்தாறு வருடம் இப்படியே போனது. ஒருநாள் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டைச் சோதிக்கப் போனார். நான்காம் மாடியில் புத்த தியான மண்டபம் ஒன்று இருந்தது. துவராடை உடுத்திய ஒரு பிக்குவும் அவரோடு ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. யார் மாட்டிக்கொண்டாலும், காற்று வரும், கயிறு அறாது, பயப்படாதீர்கள் என்று போனில் தைரியம் சொல்கிறவருக்கு அன்று வேர்த்துக் கொட்டியது. பிக்கு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

“நீங்கதானே இதைச் சரி பண்றவரு? உங்களுக்கு என்ன பயம்?”

“சரி பண்ற இடம் மேல மெஷின் ரூம்ல இருக்கு சாமி. நான் உள்ள இருக்கேன்.”

பிக்கு வாய்விட்டுச் சிரித்தார். நாற்பது நிமிடம் இருவரும் உள்ளேயே இருந்தார்கள். முதல் பத்து நிமிடம் இவர் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் இவரும் தரையில் உட்கார்ந்தார். பிக்கு எதுவும் போதிக்கவில்லை, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டிருங்கள், நேரம் போகும் என்றார். பத்து எண்ணும்முன் மகள் நினைவு வந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நாங்க சொல்றதும் அதுதானே? உள்ள மாட்டிக்கிட்டவன் தன்னைத் தானே திறந்துவிட்டுக்க முடியாது. வெளியில இருந்து ஒருத்தர் வரணும்.”

மகளுக்காக யாரும் வரவில்லையே என்று அவர் சொல்லாமல் விட்டது அவளுக்குக் கேட்டது.

அதிலிருந்து சனிக்கிழமை காலைகளில் அவர் அந்த மண்டபத்துக்குப் போகத் தொடங்கினார். வந்து அவளிடம் சொல்வார். எதையும் அவர் தன் தொழிலை வைத்துத்தான் புரிந்துகொள்வார். துக்கம் இருக்கிறது, துக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, காரணத்தை எடுத்தால் துக்கம் நிற்கும், எடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது என்று புத்தர் சொன்னாராம். “நாங்க சர்வீஸ் பேப்பர்ல எழுதுறதேதான். சத்தம் வருது. எங்கருந்து வருதுன்னு பாரு. அதை எடுத்தா நிக்கும். எடுக்கிறது இப்படி. இந்தப் பக்கம் யாரையும் கும்பிடச் சொல்லல, யார் மேலயும் பழி போடவும் சொல்லல” என்றார். எல்லாத் துக்கத்துக்கும் பற்றுதான் காரணம் என்றால் பிள்ளை மேல் வைத்த பாசத்தையும் பிடுங்கி எறிய வேண்டுமா என்று அவள் கேட்டாள். இல்லை, பிள்ளை நிலையாக இருப்பாள் என்று நினைத்ததைத்தான் என்றார் அவர். அது அவளுக்கு ஒப்பவில்லை. அவளுக்கு மகள் இருக்கிறாள். வேறொரு இடத்தில், அழாமல், அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு. அவருக்கோ, எரிந்து தீர்ந்த விளக்கின் சுடர் எங்கே போயிற்று என்று கேட்பதுபோல அந்தக் கேள்வியே இல்லாமல் போய்விட்டது.

ஒருமுறை மட்டும் மனம்விட்டுச் சொன்னார். “உங்க ஆண்டவர் செத்த பிள்ளையை எழுப்பினாருன்னு சொல்றீங்க. நம்ம பிள்ளையை எழுப்பல. புத்தர் யாரையும் எழுப்புறேன்னு சொல்லவே இல்ல. அதனால எனக்கு அவர் மேல கோபம் வரல. அவ்வளவுதான்.”

அவள் அன்று சமையலறைக்குப் போய் அழுதாள். ஆனால் அடுத்த வாரம், தரையில் உட்கார்ந்து அவருக்கு இடுப்பு வலிக்கிறது என்று தெரிந்ததும், கடையில் மிஞ்சிய தடித்த துணியில் பஞ்சு அடைத்து ஒரு திண்டு தைத்துக் கொடுத்தாள். வேறொரு வழிபாட்டுக்குத் தன் கையால் உதவுவது பாவமா என்று முதலில் ஜெபத்தில் கேட்டாள். பதில் கிடைக்கவில்லை. பதில் வருகிறவரைக்கும் அவருக்கு இடுப்பு வலிக்க வேண்டாமே என்று தைத்துவிட்டாள். இப்படிப்பட்ட சின்னக் காரியங்களில்தான் அவர்களுடைய கல்யாணம் நின்றது.

மருத்துவமனையில் நான்காம் நாள் அவள் தன் ஆசையைக் கேட்டாள். வலி கொஞ்சம் தணிந்திருந்த நேரம். படுக்கைக்குப் பக்கத்தில் மருந்தைச் சொட்டுச்சொட்டாக ஏற்றுகிற பம்பு சின்ன விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் கேட்டு, மோட்டார் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் விடச் சொல்லுங்கள் என்று அவர் நர்ஸைக் கேலி செய்திருந்தார்.

“ஒரே ஒரு தடவை ஆண்டவரேன்னு கூப்பிடுங்க. வாய்விட்டு வேணாம், மனசுக்குள்ள கூப்பிட்டாப் போதும். அங்க பாப்பாகிட்ட நான் மட்டும் தனியா போய் நிக்கணுமா? அப்பா எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?”

அவர் பம்பின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்பாம கூப்பிட்டா அது பொய்தானே. உன்கிட்ட நான் பொய் சொன்னதில்ல.”

“சொன்னீங்க. சிகரெட்டை விட்டுட்டேன்னு ரெண்டு வருஷம் சொன்னீங்க.”

அவர் சிரித்தார். சிரித்தது முதுகைப் பிடித்துக்கொண்டது. வலி அடங்கியபிறகு மெதுவாகச் சொன்னார். சிலுவையில் தொங்கினபோது வலி தெரியாமலிருக்க மருந்து கலந்த திராட்சரசம் கொடுத்தார்களே, உன் ஆண்டவர் அதை வேண்டாம் என்று சொன்னாரா இல்லையா என்று கேட்டார். சொன்னார் என்றாள். “அவர் ஏன் வேணாம்னாரோ எனக்குத் தெரியாது. நான் ஏன் வேணாம்கிறேன்னா, கடைசி நேரத்துல மனசு எப்படி இருக்கோ அதுதான் அடுத்த அடியை எடுத்து வைக்குதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. வாழ்நாள் பூரா எதையோ பிடிச்சிக்கிட்டே இருந்துட்டேன். விடுறதையாவது பார்த்துட்டு விடணும்.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவர் விரும்பியதைக் காப்பதே இனித் தன் வேலை என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள்.

ஐந்தாம் நாள் மதியம் வலி வேறு மாதிரி வந்தது. அதுவரை அலையலையாக வந்துபோனது, அன்று வந்துவிட்டுப் போகாமல் நின்றது. அவர் துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டார். மூச்சை எண்ணுவது அவளுக்குக் கேட்டது. பிறகு எண்ணிக்கை குழம்பியது. பிறகு அவர் பேசுவது யாரிடம் என்றே தெரியவில்லை. அவளை அடையாளம் தெரியாமல் தள்ளினார். கதவைத் திறங்கள், கதவைத் திறங்கள் என்று கத்தினார். தொண்டை கிழிந்து சத்தம் காற்றாக வந்தது. இப்படி ஒரு மணி நேரம். இன்னும் ஒரு மணி நேரம்.

நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். கைதேர்ந்த பெண், வார்டில் இருபது வருடம் பார்த்தவள். அவளுக்கே முகம் வெளுத்திருந்தது.

“இப்ப அவர் சொல்ற நிலையில இல்லம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா டாக்டர் மருந்தைக் கூட்டிடுவாரு.”

மனைவி நடைக்கு வந்து ஜன்னல் பக்கமாக நின்று ஜெபித்தாள். வலியை எடுத்துவிடும் என்று கேட்டாள். முடியாவிட்டால் அவரை எடுத்துவிடும் என்று கேட்டாள். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் ஒருவர் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். உள்ளிருந்து சத்தம் வந்தது. தான் கொடுத்த சொல் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். சொல் தவறின பாவத்தைத் தன்மேல் எடுத்துக்கொண்டு ஆண்டவரிடம் போய் நின்றால், அவர் தள்ளமாட்டார்.

திரும்பி வந்து “போடுங்க சிஸ்டர்” என்றாள்.

அரை மணியில் அறை அமைதியானது. அவருடைய நெற்றிச் சுருக்கம் விரிந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவள் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டு, ஐந்து நாளில் முதல்முறையாக உட்கார்ந்த நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். அன்பினால் செய்கிற தவறுக்கும் தவறு என்றுதான் பெயர். ஆனால் அவளைக் குற்றம் சொல்லக்கூடியவர்கள் அந்த இரண்டு மணி நேரம் அந்த அறையில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பிக்கு வந்தார். பேருந்தில் வந்திருந்தார் போலும், ஆடையின் ஓரத்தில் புழுதி. படுத்திருந்தவர் தூங்குவதைப் பார்த்துவிட்டு, எப்போது எழுந்தார், என்ன பேசினார் என்று விசாரித்தார். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு பிக்குவின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

“என்னை மன்னிச்சிடுங்க சாமி. அவர் சார்பா நீங்களாவது மன்னிச்சேன்னு சொல்லுங்க.”

“மன்னிக்கிறதுக்கு நான் யாரும்மா? எங்ககிட்ட அப்படி ஒருத்தர் இல்ல.”

“தப்பு பண்ணினவங்க என்ன செய்வாங்க அப்ப?”

“இனிமே பண்ணாம இருப்பாங்க. பண்ணினது பண்ணினதுதான். அது தன் வழியில போகும்.”

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு நடையில் நின்றபோது இல்லாத பயம் அப்போது வந்தது. தன்னுடைய பாவத்துக்குத் தன்னுடைய ஆண்டவரிடம் மன்னிப்பு வாங்கிவிடலாம். வாங்கியும் விட்டாள். ஆனால் அந்த மன்னிப்பில் இவருக்கு என்ன பங்கு? அது அவளைத்தான் சுத்தமாக்கும். இவருடைய நேரம் இவருக்குத் திரும்பி வராது. இவருடைய உலகத்தில் அழித்து எழுதுகிறவர் யாரும் இல்லை. அங்கே அவள் எடுத்தது எடுத்ததுதான்.

“இப்படியே போயிட்டாருன்னா?” என்று கேட்டாள்.

கடைசி நினைப்பு மட்டுமே எல்லாம் இல்லை, வாழ்நாளெல்லாம் செய்த நல்லதும் கூட வரும் என்று பிக்கு சொன்னார். அவர் கேட்டது இது ஒன்றைத்தானே என்றாள். பிக்கு தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்றார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஓதத் தொடங்கினார். அவருக்குக் கேட்குமா என்று அவள் கேட்டதற்கு, தெரியவில்லை என்றார். தெரியாவிட்டாலும் ஒரு மணி நேரம் ஓதினார். அவள் மறுபக்கத்தில் உட்கார்ந்து தன் ஜெபத்தைச் சொன்னாள். படுத்திருந்தவர் இரண்டுக்கும் நடுவில் வாய் திறந்தபடி தூங்கினார்.

மறுநாள் காலை டாக்டர் வந்ததும், மருந்தைக் குறையுங்கள் என்று அவள் கேட்டாள். விழித்தால் வலியோடுதான் விழிப்பார் என்றார் டாக்டர். தெரியும் என்றாள். நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்றார். நேற்று நான் எனக்காகச் சொன்னேன் என்றாள். டாக்டர் நோட்டைப் புரட்டி, அவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

பத்தரை மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார். தண்ணீர் கேட்டார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். இன்று என்ன கிழமை என்றார். வியாழன் என்றாள். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கண் மெதுவாக அந்தப் பம்பின் பக்கம் போனது. இயந்திரங்களோடு வாழ்ந்தவருக்கு எண்களைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“யாரு கூட்டச் சொன்னது?”

“நான்தாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. “மன்னிச்சிடுங்க” என்றாள். அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வலி வந்துவிட்டது.

அவள் அவருக்கு விழிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம்பியிருந்தாள். திரும்பி வந்தது வலி. ஒன்று என்றார், இரண்டு என்றார், மறுபடி ஒன்று என்றார். அதற்குமேல் எண் வரவில்லை. மூச்சைப் பார்க்க மூச்சே நிலைக்கவில்லை. எத்தனையோ சனிக்கிழமைகளில் திண்டின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து பழகிய மனிதர், பிறந்த குழந்தை அழுவதுபோல அம்மா அம்மா என்று அழுதார். அவளுடைய வலது கையைப் பற்றியிருந்தார். விரல்கள் நொறுங்குவதுபோல் அழுத்தினார், மோதிரம் சதைக்குள் இறங்கியது. அவள் கையை இழுக்கவில்லை.

பதினொன்றரை மணி இருக்கும். பிடி திடீரென்று தளர்ந்தது. போய்விட்டாரோ என்று பதறிக் குனிந்தாள். அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை வலிக்குதா?”

“இல்லங்க.”

“பொய்” என்றார். முகம் முழுக்க வேர்வை. கொஞ்சநேரம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். பிறகு, “மருந்தைக் கூட்டச் சொல்லிடு” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு வேணுமா? இல்ல எனக்காகச் சொல்றீங்களா?”

அவர் பதில் சொல்லவில்லை.

“ஏங்க, சொல்லுங்க. எனக்காகன்னா வேணாம். என்னால பார்க்க முடியும். நான் பார்த்துக்கிட்டே இருப்பேன். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.”

“கூட்டச் சொல்லு.”

நர்ஸ் முறைப்படி அவரிடமே நேராகக் கேட்டாள். தூங்கிவிடுவீர்கள், மறுபடி விழிக்காமலும் போகலாம், சரியா என்றாள். அவர் தலையசைத்தார். பம்பின் எண் ஏறியது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமை இறங்குகிற நேரத்தில் அவருடைய உதடு அசைந்தது. எண்ணினாரா, யாரையாவது கூப்பிட்டாரா, வெறுமனே வறண்டு அசைந்ததா என்று கண்டுபிடிக்க அவள் காதை அவர் வாயோடு வைத்தாள். காற்றுதான் வந்தது.

மூன்றே முக்காலுக்கு மூச்சு நின்றது. தூக்கத்தில்தான்.

நடையில் போட்டிருந்த பெஞ்சில் அவளுடைய சபையின் போதகரும் பிக்குவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பிற்பகல் இரண்டு மணிக்கும், ஒருவர் மூன்று மணிக்கும் வந்தவர்கள். அவள் வெளியே வந்ததும் இருவரும் எழுந்தார்கள். போதகர் அவள் தோளைத் தொட்டு, கடைசியில் கர்த்தரைக் கூப்பிட்டாரா அம்மா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தெரியாது ஐயா என்றாள். அவர் வேதனையோடு தலையைத் தாழ்த்தினார். பிக்கு எதுவும் கேட்கவில்லை, ஆனால் பார்த்தார். “அமைதியா இல்ல சாமி. அம்மா அம்மான்னு அழுதாரு” என்று அவரிடம் சொன்னாள். அவரும் தலையைத் தாழ்த்தினார். இருவரும் நல்லவர்கள். அவளுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை அவள் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் கேட்க வேண்டியதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அவர் மருந்தைக் கேட்டது தோற்றுப்போயா, அவளுடைய கையைப் பார்த்தா? அவருடைய ஒரே ஆசையை முந்தின நாள் அவள் பறித்தாள். மறுநாள் அவரே அதைக் கொடுத்துவிட்டார். யாருக்குக் கொடுத்தார் என்பதை இனி யாரும் சொல்லப்போவதில்லை. மகளிடம் போய் நிற்கும்போதும் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை.

போதகர் ஜெபிக்கலாமா என்றார். நீங்கள் ஜெபியுங்கள் ஐயா, நான் அவரைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.

குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் ஒரு தட்டில் தண்ணீரும் இரண்டு துணியும் கொண்டுவந்து வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்ற அவளும் கைகொடுத்தாள். மனைவி துணியைத் தண்ணீரில் முக்கினாள். முக்கிய கை அப்படியே நின்றது.

“தண்ணி ஜில்லுனு இருக்கே சிஸ்டர். அவருக்கு ஜில்லுனு ஆகாது.”

நர்ஸ் அவளைப் பார்த்தாள். இருபது வருட வேலையில் இதற்குச் சொல்லக்கூடிய பதில்கள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு நடையின் கோடியில் இருக்கிற வெந்நீர்க் குழாய்க்குப் போனாள். அந்தக் குழாயில் சூடு வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை மனைவி ஈரத் துணியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டு, அவர் பக்கத்திலேயே நின்றாள்.